மூன்றாம் மாடி, இடது கதவு

நவம்பர் 3

அன்புள்ள மைனாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது பேச்சில் வைத்துவிடுகிறாய். போன மாதம் பதினேழாம் தேதி, "சாப்பிட்டீங்களா" என்றாய், "மாத்திரை போட்டீங்களா" என்றாய், நான் டிசம்பர் என்று வாயெடுத்தேன், டொக். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் ஒரு கண் ஓடத்தான் செய்யும். அது போதும் எனக்கு.

தையல்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். வேலை நேரம் முழுக்க வாயில் நாலு குண்டூசி வைத்திருக்கிறவர். வாயைத் திறந்தால் முதல் குத்து அவருக்குத்தான். "இதையும் எழுதணுமா?" என்கிறார். எழுதுங்க என்றேன்.

பரிசுக் கூடத்தில் இந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் பார்சல் கட்டுகிற வேலை தொடங்கிவிட்டது. நீள மேசையில் வண்ணக் காகிதச் சுருள்கள், ஒட்டும் நாடாவைக் கிழிக்கிற சத்தம், எல்லாம் அப்படியே. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்த முறை நாற்பத்தாறு. போன வருடம் நாற்பத்து மூன்று. பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்து, "உங்க மக வருவாங்களா?" என்று கேட்டார். "வராம என்ன?" என்றேன். அவர் முகம் சரியில்லை. "வாசிக்கிற வேலையை இந்த வருஷம் வேற யாருக்காவது குடுக்கலாமான்னு பேசிக்கறாங்க" என்றார். நான் காது கேளாதவன் மாதிரி வண்டிக்குக் காற்று அடிக்கப் போய்விட்டேன்.

அந்த மூன்றாம் மாடிப் பெண் குழந்தை நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் இரண்டு முறை பார்த்தேன். பையை முதுகில் போடாமல் தரையில் இழுத்துக்கொண்டு போகிறாள்.

ஒன்பது வயதிலிருந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் நீ. கிறிஸ்துமஸுக்கு முன்பாக ஒரே ஒரு நாள் வேலை. வா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா

*

நவம்பர் 9

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. தையல்காரருக்கு வணக்கம். இதை உங்களுக்கு வாசிக்கப் போகிறவர் அவர்தான் என்பதால் ஒன்றையும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அவருக்கும் தெரியட்டும்.

போன டிசம்பர் 22. பரிசு வண்டியை நீங்கள் ஓட்டினீர்கள், பக்கத்தில் நான். அந்த அடுக்கு வீட்டில் மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவு. இரண்டு வீட்டிலும் ஆறு வயதுப் பெண் குழந்தை. இடது கதவுக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. பட்டால் தொண்டை வீங்கும். அவளுக்கு என்று கட்டிய பார்சல் வலது கதவுக்குப் போனது. வலது கதவின் பார்சல் அவள் கைக்குப் போனது. உள்ளே வேர்க்கடலை போட்ட சாக்லேட். அவள் அம்மா உள்ளே துணி துவைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் மருத்துவமனை. பிழைத்தாள்.

மறுநாள் கூடத்தில் பதினெட்டுப் பேர் முன்னால் பொறுப்பாளர் அம்மா, எப்படி நடந்தது என்று கேட்டார். நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "என் மக தப்பா வாசிச்சுட்டா."

நான் எதையும் வாசிக்கவே இல்லையே அப்பா. இரண்டு பார்சலையும் எடுத்துக்கொண்டு மாடியேறியது நீங்கள். ஓர் எழுத்தும் தெரியாத நீங்கள். அதைச் சொன்னால், இருபத்தொன்பது வருடமாகப் பட்டியலை முகத்துக்கு நேராகப் பிடித்து வாசிப்பது போல நின்றதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உங்கள் மானம் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

நான் மருந்துக்கு லேபிள் ஒட்டுகிறவள் அப்பா. யாருக்கு எது ஆகாது என்று வாசிப்பதுதான் என் பிழைப்பு. கூடத்தின் ஆண்டு மலரில், "வாசித்தவரின் கவனக்குறைவு" என்று அச்சாகியிருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் மருந்தகத்துக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகிறது. என் பெயர் முதலில் இருந்தது. யாரோ அந்த மலரைக் கொண்டுவந்து மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டார்கள். டிசம்பர் 5க்குள் நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

நவம்பர் 29 கூடத்தில் பொதுக்கூட்டம் என்று தெரியும். அங்கே எழுந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று மூன்றே சொல். அதற்குப் பிறகு டிசம்பரைப் பற்றிப் பேசலாம்.

மகள்

*

நவம்பர் 13

மைனாவுக்கு,

தையல்காரர் உன் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே, தெரியாமலா எங்கிட்ட வந்தீங்க" என்றார். "உங்களுக்குத் தெரியும், ஆனா கூடத்துக்குத் தெரியாது" என்றேன். "தெரிஞ்சா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?" என்றார். அவருக்கு என்ன, படித்தவர்.

மானம் என்று எழுதியிருக்கிறாய். எழுதுவாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் என்பார்கள், என் புளுகு இருபத்தொன்பது வருடம் ஓடியது. அது எப்படித் தொடங்கியது என்று கேட்டுக்கொள்.

உன் அம்மா இறந்துபோன வருடம் அது. ஆகஸ்ட் ஆறு, செவ்வாய்க்கிழமை. அந்த டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறையில் உன்னை விட்டுப் போக இடம் இல்லை. அப்போது நான் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஓட்டுநர் வேண்டும், பிள்ளையையும் கூட்டி வரலாம் என்றார்கள். போனேன். அப்போதிருந்த பொறுப்பாளர் காதில் மயிர் முளைத்த ஒரு பெரியவர். பட்டியலை நீட்டி, "வாசிக்கத் தெரியுமில்ல? வாசிக்கத் தெரியாதவங்களுக்கு லிஸ்ட் குடுக்கறதில்ல" என்றார். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பச்சை ஸ்வெட்டர், கடைசிப் பித்தான் இல்லை. நான், "தெரியும்" என்றேன். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நீ ஒரு முறை வாசித்தாய். முப்பத்தொரு பிள்ளை. எந்தத் தெரு, எந்த மாடி, எந்தக் கதவு, என்ன வயது. எனக்கு ஒரு முறை போதும். மறுநாள் பார்சலைக் கடைசி வீட்டிலிருந்து முதல் வீடு வரைக்கும் நீ வாசித்து எடுத்துக் கொடுத்தாய், அந்த வரிசையில் அடுக்கினோம். கதவைத் திறந்தால் முதல் வீடு முன்னால் இருக்கும். அதற்குப் பிறகு எனக்கு எழுத்து எதற்கு? முதல் வருடத்து முப்பத்தொரு கதவையும் இன்றைக்குச் சொல்லுவேன், வேண்டுமானால் தையல்காரரைக் கேள், நேற்று அவருக்குப் பதினாலு சொன்னேன், போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அது மானமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மானமும்தான். ஆனால் அன்றைக்குப் பதினெட்டுப் பேர் முன்னால் நான் அப்படிச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை மூன்றாம் மனிதர் கையால் எழுத மாட்டேன். நேரில் வா, சொல்கிறேன். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அப்பா

*

நவம்பர் 17

அப்பாவுக்கு,

என் நல்லதுக்கு என்று நீங்கள் சொன்ன போதெல்லாம் எனக்குக் கிடைத்தது உங்கள் சொல்தான், நல்லது இல்லை.

போன வருடம் வண்டியில் நான் என்ன சொன்னேன்? "கூடத்துல சொல்லிடலாம்ப்பா. இருபத்தொன்பது வருஷமா நடிச்சது போதும், யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றேன். அதற்கு நீங்கள் கத்திய கத்தில் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தில் பிரேக் போட்டீர்கள். பின்னால் அடுக்கியிருந்ததெல்லாம் சரிந்தது. வரிசை கலைந்ததும் உங்களுக்குப் பார்சல்கள் வெறும் பார்சல்கள். அப்போதாவது என்னிடம் கொடுத்திருக்கலாம்.

காரணம் இருந்தால் எழுதுங்கள். தையல்காரரிடம் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இல்லாத காரணத்தைச் சொல்லிப் பூச்சாண்டி காட்ட நான் ஒன்பது வயதுப் பிள்ளை இல்லை.

29ஆம் தேதி நீங்கள் சொல்லாவிட்டால், 30ஆம் தேதி பொறுப்பாளர் அம்மாவுக்கு நானே போன் செய்து சொல்வேன். உங்கள் வாயால் வந்தால் உண்மை, என் வாயால் வந்தால் காட்டிக்கொடுப்பது. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகள்

*

நவம்பர் 21

மைனாவுக்கு,

சரி. எழுதச் சொல்கிறேன். தையல்காரர் ஒரு முறை எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடித்தாராம்.

அந்த அடுக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். முன்பே, பிரேக் போட்ட இடத்தில், "வாயை மூடிட்டு வா" என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பின்கதவைத் திறந்தால் எல்லாம் கலைந்து கிடந்தது. மூன்றாம் மாடி இரண்டும் ஒரே நீலக் காகிதம், அது மட்டும் நினைவிருந்தது, முந்தின நாள் அடுக்கும்போது பார்த்தது. நீலம் இரண்டே இரண்டு. இடது கதவுக்குக் கடலை ஆகாது என்பதும் நினைவிருந்தது, நீ வாசித்ததுதானே. இரண்டில் எது எது என்பதுதான் தெரியாது. லேபிளில் எழுதியிருந்தது. எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி.

இரண்டையும் எடுத்துக்கொண்டு உன் ஜன்னல் பக்கம் வந்தேன். கேட்க மனமில்லை. கேட்கவும் வேண்டும். வலது கையைத் தூக்கி, "இதுதானே இடது கதவு?" என்றேன். ஞாபகம் இருக்கிறதா?

நீ திரும்பினாய். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும். உன் கண் லேபிளில் ஓடியது. வாசிக்கிற கண் எப்படி ஓடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருபத்தொன்பது வருடம் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பிழைத்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், கீழே இறங்கி, சிவப்பு மையில் எழுதியிருந்த இடத்தில் நின்றது. உன் உதடு திறந்தது. மூடியது. திரும்பவும் முன்னால் பார்த்தாய்.

நான் மாடியேறினேன்.

மூன்று மாடி ஏறி, கொடுத்துவிட்டு இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நீ மூச்சு வாங்க நின்றாய். "என்ன?" என்றேன். "குடுத்தாச்சா?" என்றாய். "குடுத்தாச்சு" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாய். சேர்ந்து இறங்கினோம்.

மறுநாள் கூடத்தில் பொறுப்பாளர் அம்மா கேட்டபோது எனக்கு ஒரே விநாடி. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? வாசிக்கத் தெரிந்தவள் பக்கத்தில் இருந்தாளே, அவள் என்ன செய்தாள்? அதற்கு நீ என்ன சொல்வாய்? தப்பாக வாசிப்பது கை தவறி டம்ளர் விழுவது மாதிரி. சரியாக வாசித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதற்கு ஊரில் வேறு பெயர் வைப்பார்கள். உன்னை நான் டம்ளர் பக்கம் நிறுத்தினேன். என் மானமும் அதற்குள் ஒளிந்துகொண்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. உன் உதடு திறந்து மூடியதைப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா. பார்த்த பிறகும் ஏறினேன். நின்று, "என்னம்மா, சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கிப் போனதாக ஆகும். அதனால் ஏறினேன். எழுத்துத் தெரியாதது என் குற்றம் இல்லை மைனா. இது என் குற்றம்.

இப்போது சொல். 29ஆம் தேதி நான் எழுந்து நிற்கவா? நீ சொன்னால் நிற்கிறேன். நான் ஒரு கதவைத் திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது என்று காட்டத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அப்பா

*

நவம்பர் 25

அப்பா,

எழுந்து நில்லுங்கள். உங்களுடையதை மட்டும் சொல்லுங்கள்.

*

நவம்பர் 30

மைனாவுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதாங்க, பின்னால ஒண்ணுமில்ல" என்றார். உங்களுடையதை மட்டும் என்றால், மீதியை மறைத்துவிடுங்கள் என்று அர்த்தமா, மீதி என்னுடையது என்று அர்த்தமா? இரண்டு நாள் யோசித்தேன். தெரியவில்லை. நீ சொன்னபடி செய்தேன்.

கூடத்தில் நாற்காலி போதாமல் காகிதச் சுருள் பெட்டிகளின் மேலும் ஆட்கள். போன வருடத்துப் பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் இருந்தார்கள். இல்லாத மூன்று பேர் யார் என்றும் சொல்லுவேன். பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் முன்வரிசையில் ஒரு பெண், மடியில் பை, பையின் மேல் இரண்டு கை. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். இடது கதவு. குழந்தையின் அம்மா. அவரை அழைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எழுந்தேன்.

"போன வருஷம் என் மக தப்பா வாசிச்சான்னு சொன்னேன். அது பொய். அவ எனக்கு வாசிச்சே காட்டல. பார்சலை நான்தான் எடுத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது."

பொறுப்பாளர் அம்மா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "என்னங்க நீங்க, வருஷா வருஷம் இதே இடத்துல நின்னு லிஸ்ட் வாசிப்பீங்களே!"

"அது மனப்பாடம்மா."

"நாற்பது பேரையுமா?"

"நாற்பத்து மூணு."

பின்னால் யாரோ ஒருவர், கூடத்துக்கு வருகிற எலெக்ட்ரீஷியன் குரல், "போன வருஷ லிஸ்ட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றார். பொறுப்பாளர் அம்மா அவரை அடக்கினார். நான் சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டது நல்லது. வித்தை காட்டுகிற நேரமா அது.

யாரும் கேலி செய்யவில்லை. நீ சொன்னது சரிதான். கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. பொறுப்பாளர் அம்மா கையை நீட்டினார், "சாவியைக் குடுங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். கொடுத்தேன். அந்தச் சாவியை மாட்டி மாட்டி என் சட்டைப் பையே ஒரு பக்கம் தொங்கிப்போயிருக்கிறது, தையல்காரர் எத்தனை முறை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

உட்காரப் போனேன். குழந்தையின் அம்மா எழுந்திருக்காமலே கேட்டார்.

"படிக்கத் தெரிஞ்ச உங்க பொண்ணு அப்ப எங்க இருந்தா?"

"வண்டியில."

"நீங்க எடுத்தப்ப பாத்தாளா?"

மைனா, அந்தக் கூடத்தில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை என்று ஒரு சொல். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் கை பையின் மேல் இருந்தது, விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல். போன வருடம் உனக்காக ஒரு பொய் சொன்னேன், அது உன்னை எங்கே கொண்டு நிறுத்தியது? இன்னொன்று சொன்னால் இன்னும் எவ்வளவு தூரம் கொண்டு போகும்?

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. அவதான் சொல்லணும்" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உன்னைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. தையல்காரரைக் கேட்டேன். "எழுதறதுதான் என் வேலை" என்கிறார்.

கூடத்திலிருந்து உன் மருத்துவமனைக்கு, நீ எதையும் தப்பாக வாசிக்கவில்லை என்று கடிதம் போட்டுவிடுவதாகப் பொறுப்பாளர் அம்மா சொன்னார். நாளைக்கே போகும். நீ கேட்டது அதுதானே. கிடைத்துவிட்டது.

அப்பா

*

டிசம்பர் 9

அப்பா,

கூடத்தின் கடிதம் 3ஆம் தேதி மருத்துவமனைக்கு, என் பெயருக்கே வந்தது. அழகான கடிதம். "இவர்மீது எந்தத் தவறும் இல்லை" என்று இருந்தது. அதை என் விளக்கத்தோடு சேர்த்து மேலதிகாரி மேசையில் வைத்தால் போதும். இரண்டு நாள் என் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன். மருந்துச் சீட்டுகளில் சிவப்பு மையைப் பார்க்கும் போதெல்லாம் அது கனத்தது.

நீங்கள் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பதினோரு மாதம் நான் உங்கள்மேல் கோபப்பட்டதில் பாதி, நான் செய்தது யாருக்கும் தெரியாது என்ற தைரியம். பழி என்மேல் அநியாயமாக விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும், நியாயமாக விழ வேண்டியது எது என்று நினைக்காமல் இருக்க முடிந்தது.

5ஆம் தேதி கடிதத்தைக் கொடுத்தேன். அதன் கீழே என் கையால் எழுதிச் சேர்த்தேன். வாசித்தேன். தெரிந்தது. சொல்லவில்லை.

6ஆம் தேதி சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ஐந்து மணி நேரம். உங்கள் தெருவைத் தாண்டித்தான் பஸ் போனது. தையல்காரரின் பலகை தெரிந்தது. இறங்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் உங்கள் மகளாகிவிடுவேன், அதற்குப் பிறகு அந்த மாடி ஏற மாட்டேன் என்று பயம்.

இடது கதவைத் தட்டினேன். குழந்தையின் அம்மா கதவுச் சங்கிலியை எடுக்காமல் திறந்தார். யார் என்று சொன்னேன்.

"உங்க அப்பா, அவதான் சொல்லணும்னாரு. சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "லேபிளை வாசிச்சேன். சிவப்பு மையில, கடலை இருக்குன்னு போட்டிருந்தது, மாத்தி எடுத்திருக்கார்னு தெரிஞ்சது. அவர் மேல கோவம். பேசல. அப்புறம் ஓடி வந்தேன், ரெண்டாவது மாடி வரைக்கும். அதுக்குள்ள குடுத்துட்டு இறங்கிட்டார். இன்னும் ஒரு மாடி ஏறி இந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். பிரிக்கறப்ப நீங்க பாத்துடுவீங்கன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஏறினா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பீங்களேன்னு இருந்தது."

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார், "உங்க அப்பா பார்சலைக் காட்டினதுக்கும் நீங்க ஓடினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"என் பொண்ணுக்கு மூச்சு வராம இருந்தது ஒன்றரை நிமிஷம். எண்ணிக்கிட்டே இருந்தேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

அவரே தொடர்ந்தார்.

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக வந்திருந்தா இப்பவே இறங்கிடுங்க."

"அதுக்காக வரல."

"அப்ப எதுக்கு?"

"நீங்க கேட்டீங்கன்னு அப்பா எழுதினார்."

உள்ளேயிருந்து குழந்தை, "யாரும்மா அது?" என்று கத்தினாள். நன்றாகத்தான் கத்துகிறாள் அப்பா, தொண்டை கணீரென்று இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "பார்சல் கொண்டு வர்றவங்க" என்றார். கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

தலைமைப் பொறுப்பு எனக்கு இல்லை என்று நேற்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற வேலை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் என் கையிலிருந்து ஒரு மாத்திரையும் வெளியே போகாது. எனக்குக் கீழே இருந்த பெண்தான் சரிபார்க்கிறாள். என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாள். நான், "நல்லாப் பாரு, ரெண்டு தடவை பாரு" என்கிறேன்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. முழுதும் போகவில்லை. "வாயை மூடிட்டு வா" என்றது இன்னும் குத்துகிறது. அதைவிட, அன்றைக்கு மட்டும் உங்கள் பேச்சைக் கேட்டேனே என்பதுதான் குத்துகிறது.

மைனா

*

டிசம்பர் 13

மைனாவுக்கு,

தையல்காரர் உன் கடிதத்தை ஒரு முறைதான் வாசித்தார். எனக்கு ஒரு முறை போதும் என்று உனக்குத் தெரியும். இந்த முறை அது வரமாகத் தெரியவில்லை. ஒன்றரை நிமிடம் என்ற இடத்தில் அவரும் நிறுத்தினார், நானும், "மேல படிங்க" என்று சொல்லவில்லை.

எங்கள் தெருவைத் தாண்டிப் போனாயே, நல்லது. இறங்கியிருந்தால் நான் உன்னைப் போக விட்டிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

உன் பதவி போனதற்கு என்ன சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன். நல்லதாக ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அது போகாமல் இருக்கத்தான் நான் அத்தனையும் செய்தேன், செய்த அத்தனையும் சேர்ந்துதான் அதைக் கொண்டுபோனது. அன்றைக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. என் வாயிலிருந்து போனது அது. குத்தட்டும். எனக்கும் குத்துகிறது.

நேற்றுச் சாயங்காலம் பொறுப்பாளர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறை. இருந்த ஒரே நல்ல நாற்காலியில் என் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன, அள்ளிக் கட்டிலில் போட்டேன். மூன்றாம் மாடி அம்மா அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். நீ வந்து சொன்னதைச் சொல்லியிருக்கிறார். தன் வீட்டுக்கு இந்த வருடம் பார்சலைக் கட்டாமல் திறந்தபடியே கொண்டுவர வேண்டும், கதவுக்கு வெளியிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் சொல்லிக் காட்ட வேண்டும், தான் பார்த்த பிறகுதான் உள்ளே போகும் என்று சொன்னாராம். "யார் சொல்லிக் காட்டணும்னு கேட்டேன்" என்றார் பொறுப்பாளர் அம்மா. "'யாரு போன வருஷம் சொல்லலையோ அவங்க'ன்னாங்க."

வண்டியை இந்த வருடம் எலெக்ட்ரீஷியன் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு தெருவும் தெரியாது. பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது எந்தப் பக்கங்க?" என்று என்னிடமே வந்து கேட்கிறான், என்னிடம்! அவன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவும் கதவும் சொல்ல நான் வர வேண்டுமாம். லேபிள் வாசிக்கப் பின்னால் பார்சல்களோடு ஒருவர் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு யார் பேரும் இன்னும் போடவில்லை.

"நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். "உங்க மக?" என்று கேட்டார்.

22ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்புகிறது. உனக்காக நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

அப்பா